இக்ராவின் வாய்

பஷீர் அகமதுவின் மிட்டாய்க் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கரி அடுப்பு, இந்தப் பக்கம் நான். சித்திரையில் செஞ்சிப் பாறைகள் காய ஆரம்பித்தால் ஊரே வேகும். எனக்கு மட்டும் அதற்கு மேல் முதுகுப் பக்கம் ஓர் அடுப்பு உண்டு. பதினெட்டு வருஷமாக இப்படி வெந்துகொண்டிருக்கிறேன். ஏன் கடையை மாற்றவில்லை என்று கேட்பவர்களிடம் காலை பத்து மணிக்கு வரும் நெய் வாசனையைக் காரணம் சொல்வேன். அது பொய். பஷீர் பாயை விட்டால் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற என்னிடம் பதினெட்டு வருஷமாகச் சிரித்துப் பேசுகிற மனிதர் அவர் ஒருத்தர்தான். அந்தச் சிரிப்பையும் தோளில் கிடக்கும் துண்டால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

முட்டை மிட்டாய் செய்வது பார்க்கச் சுலபம். பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவாவாக்கி, முட்டையும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து அடித்துத் தட்டில் ஊற்றுவார்கள். அடியிலும் கரி, மூடியின் மேலும் கரி. மேல் கரி ஒரு கை கூடினால் தீய்ந்துவிடும், குறைந்தால் வெளுத்துப்போகும். பஷீர் பாய் கடிகாரம் பார்த்து நான் பார்த்ததில்லை. மூக்கை மூடியருகே கொண்டுபோவார், ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பார், அவ்வளவுதான். தட்டு இறங்கியதும் முதல் துண்டை வெட்டி, வீட்டிலேயே சின்னப் பிள்ளை எதுவோ அதன் வாயில் வைப்பார். அதற்குப் பிறகுதான் வியாபாரம். அவர் அத்தா அவர் வாயில் வைத்தார், அவர் தன் மகன் நௌமான் வாயில் வைத்தார். இப்போது நௌமானின் மகள் இக்ரா. ஐந்து வயது. பிள்ளை வாய் இனித்தால் கடை இனிக்கும் என்பது அந்த வீட்டுச் சொல்.

போன புரட்டாசியில் இக்ராவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கால் நீல நீலமாகக் கன்றிப்போனது. புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இந்த வயதில் வருவதை அநேகமாகக் குணப்படுத்திவிடலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து, ஒரு வேளை தவறக்கூடாது என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து இக்ராவின் அம்மா ஆலியா வாரத்துக்கு இரண்டு முறை என் கடைக்கு வந்தாள். காப்பீட்டு விண்ணப்பம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் நகல். எடுத்து எடுத்து, வெள்ளணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தட்டணு குறைந்தால் ரத்தம் உறையாது, வெள்ளணு குறைந்தால் தும்மல்கூட எமனாகும். பத்தாவது பெயிலான இந்தத் தனசேகரனுக்கு ஐம்பத்து மூன்று வயதில் இந்தப் பாடம்.

அந்த மருந்து நோயை மட்டும் அடிப்பதில்லை. வாய்க்குள் இருக்கும் தோலையும் உரித்துவிடுகிறது. ஐப்பசி முழுக்க அந்தப் பிள்ளையால் எச்சில் விழுங்க முடியவில்லை. ஆறவைத்த கஞ்சியைக் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் விட்டால்கூட அலறும். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. அது அலறுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். நான் மிஷினை ஓடவிட்டுக்கொள்வேன்.

எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சம் வரும், ஆலோசனைக்கு மட்டும் வரவே வராது. ஒருத்தர் தேன் தடவு என்றார், ஒருத்தர் மாசிக்காய் உரைத்துப் போடு என்றார். பாயின் தங்கை ரோஷன் பீ திண்டிவனத்திலிருந்து வந்து, புண்ணு வாயில் எவளாவது பிரஷ் விடுவாளா என்று ஆலியாவைத் திட்டிவிட்டு, பிரஷ்ஷை எடுத்து வெளியே எறிந்தாள். ஆஸ்பத்திரியில் உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை அழுகிறது என்று அதையும் விட்டார்கள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

பாசத்தில் பஷீர் பாய் செய்தது இன்னும் பெரியது. மாத்திரைகள் கடும் கசப்பு. இக்ரா துப்பிவிடும். அவர் என்ன செய்தார் என்றால், மேல் கரி போடாமல், மொறுமொறுப்பு வராமல், பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய் தனியாகச் செய்தார். நடுவில் பொடித்த மாத்திரை. புண்ணில் உரசாது, கசப்பும் தெரியாது. சாயங்காலம் ஒரு துண்டு, படுக்கப்போகும்போது ஒரு துண்டு. தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் பாதி ஒதுங்கிக் கிடக்கும். கரைந்து உள்ளே போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் ஒரு வேளைகூட மருந்து தவறவில்லை. மருந்து மிட்டாய் என்று நான்தான் அதற்குப் பெயர் வைத்தேன். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் பாயின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

சித்திரை நடுவில் ஒரு வியாழக்கிழமை மாலை ஆலியா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தாள். முகக்கவசம் போட்ட இக்ரா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆலியா ஒரு கடிதத்தை நீட்டினாள்.

“அண்ணே, இத ரெண்டு காப்பி எடுங்க.”

“இன்னாம்மா, புள்ள கன்னம் இப்டி வீங்கிக் கெடக்குது?”

“பல்லுண்ணே. கீழ்க் கடவாப்பல்லு சொத்தையாயி ஈறுல சீழ் கட்டிகினு இருக்குது. நாலு நாளா அந்தப் பக்கம் மெல்ல மாட்டேன்னா. பழைய புண்ணுதான் திரும்பி வருதுன்னு நெனச்சிட்டேன்.”

“பால் பல்லுதானே? தானா வுழுந்துடும்.”

“நானும் அதான் சொன்னேன். டாக்டரம்மா என்ன உண்டு இல்லன்னு பண்ணிட்டாங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிள்ளை எழுந்துவிடும் என்று நின்றபடியே சொன்னாள்.

“அடுத்து வர்ற மருந்துதான் இருக்கறதுலயே கடுசாம். அது ஏறினா வெள்ளணு தரைக்கு எறங்கிடுமாம். அப்ப இந்தச் சீழு ரத்தத்துல கலந்தா தடுக்க ஒடம்புல ஒண்ணும் இருக்காதாம். ‘நோய் கொல்லாதும்மா, பல்லு கொன்னுடும்’னாங்க. வர்ற திங்கக்கெழமைக்குள்ள பல்லு வெளிய வரணும். புண்ணு ஆற பத்து நாளு. அதுக்கடுத்த வாரம் வியாழக்கெழம மருந்து ஏறணும்.”

“அங்கியே எடுத்துற வேண்டியதுதானே?”

“வாயத் தெறந்தாதானே? எட்டு மாசமா ஆளாளுக்கு அவ வாய்ல எதயாவது திணிக்கிறோம். பூட்டு போட்டுட்டா. அங்க இருக்கற பல்லு டாக்டரு வெரல வுட்டாரு, கடிச்சி வச்சிட்டாண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலியாவுக்கும் ஒரு நொடி உதடு அசைந்தது.

“மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும்ங்கறாங்க. அதுக்கு மொற வர இருவது நாளு. மருந்தத் தள்ளிப் போட்டா, உள்ள தூங்கற நோய் எழுந்துக்குமாம். இப்ப ரத்தம் நல்லா இருக்குது, தட்டணு லட்சத்துக்கு மேல. ஊர்ல தெரிஞ்ச பல்லு டாக்டரு யாராவது நைசா பேசி எடுத்தா எடுக்கட்டும்னு லெட்டர் குடுத்திருக்காங்க.”

நகலை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

“மாத்திரைய எதுல குடுக்கறீங்கன்னு கேட்டாங்கண்ணே. எங்க மாமா மிட்டாய்க்குள்ள வச்சிக் குடுப்பாருன்னு பெருமையா சொன்னேன். அவங்க பேனாவ கீழ வச்சிட்டாங்க. இந்த மருந்துல வாய் எச்சில் வத்திப் போவுமாம். எச்சில் இல்லாத வாய்ல ராத்திரி பூரா சக்கர. நம்மளே ஊட்டி வளத்திருக்கோம், சொத்தைய.”

பெயர் வைத்தவன் நான். காசு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு நெய் வாசனையோடு சத்தமும் சுவர் வழியாக வந்தது. நான் கடையைத் திறந்துபோட்டுவிட்டு அங்கே போனேன். எனக்கு அழைப்பு தேவைப்படுவதில்லை. தட்டு இறங்கி ஆவி பறந்துகொண்டிருந்தது. பஷீர் பாய் கையில் முதல் துண்டு. அவருக்கும் இக்ராவுக்கும் நடுவில் ஆலியா நின்றாள். நௌமான் அவலூர்பேட்டைக் கடைகளுக்கு மிட்டாய் எடுத்துப்போகும் அட்டைப் பெட்டிகளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தான்.

“இனிமே இவ வாய்ல வைக்காதீங்க மாமா.”

“என் பேத்திக்கு நான் வெசமா வைக்கறேன்?”

“வெசம்னு நான் சொல்லல. இனிப்புன்னுதான் சொல்றேன்.”

“இனிப்பு இன்னா பண்ணும்? நூறு வருசமா இந்த வூட்ல புள்ள வாய்ல வைக்காம தட்டு வெட்னது இல்ல. எத்தினி புள்ளைங்க வளந்துச்சி இங்க! யாருக்கு இன்னா ஆச்சி?”

“அவங்க யாருக்கும் இந்த மருந்து ஏறல மாமா.”

“மாத்திரைய துப்பினப்ப நீதான அழுதுகினு வந்து நின்ன? நான்தான வழி பண்ணிக் குடுத்தேன்?”

“ஆமா. நீங்க வழி பண்ணலன்னா அவ இன்னிக்கி இல்ல. அதயும் நான்தான் சொல்றேன். இப்ப அந்த வழி போதும்.”

நௌமான் தலையை நிமிர்த்தினான். “ஆலியா, அத்தா மனசு நோவாம... ஒரு சின்னத் துண்டு, வச்சிட்டுக் கழுவி வுட்டுட்டா...”

“நீங்க பொட்டிய மடிங்க,” என்றாள் ஆலியா. குரல் உயரவே இல்லை. “நான் இந்த வூட்டுக்கு வந்து எட்டு வருசம். யார எதுத்தும் பேசினதில்ல. இனிமே பேசுவேன். அவ வாய் எம் பொறுப்பு. யார் கை அது கிட்ட வந்தாலும் நடுவுல நான் நிப்பேன்.”

பஷீர் பாய் கையிலிருந்த துண்டைத் தட்டிலேயே வைத்தார். கத்தியைத் துடைத்தார். “அப்ப தட்டும் வெட்ட வேணாம்,” என்றார்.

நிஜமாகவே வெட்டவில்லை. கோட்டை பார்க்க பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி மிட்டாய் கேட்டார்கள். தட்டு முழுசாக இருக்கும்போதே இல்லை என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அத்தனையும் கோழிக்குப் போனது. மறுநாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. என் முதுகு பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் குளிர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆலியா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையே கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் பல் டாக்டர் கடிதத்தை முழுசாகப் படிக்காமலே திருப்பித் தந்தார். இரண்டாமவர், நோய் பெயரைக் கேட்டதும் சென்னைக்குப் போங்கள் என்றார். மூன்றாவது அறிவுமதி. திண்டிவனம் ரோட்டில் செருப்புக் கடை மாடியில் போன வருஷம்தான் கிளினிக் போட்டிருந்தாள். எங்கள் தெருப் பெண், என் சித்தப்பா மகன் ஆதிமூலத்தின் மகள். எங்கள் தெருவில் முதல் பல் டாக்டர். அவளும் முடியாது என்றுவிட்டாள்.

மூன்று பேர் சொன்னால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆலியா அறிவுமதியின் கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. மூடும்வரை இருந்தாள். சனிக்கிழமை திறக்கும்போது படிக்கட்டில் நின்றாள். மத்தியானம் அறிவுமதி எனக்குப் போன் செய்தாள்.

“பெரிப்பா, உங்க பக்கத்துக் கடை அம்மா இங்க உக்காந்துகினு எழுந்துக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க வந்து கூட்டினு போங்க.”

போனேன். கூட்டிக்கொண்டு வருவதற்காகப் போகவில்லை. உள்ளே அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“ஏம்மா, படிக்கறப்ப பல்லு புடுங்க மட்டும் லீவு போட்டுட்டியா?”

“கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு எடுக்கத் தெரியும். அந்தப் பல்லு ஆடுது, கஷ்டமே இல்ல.”

“அப்புறம் இன்னா பயம்?”

அவள் கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டாள். “இந்த ஊர்ல மத்த டாக்டர் கையில பல்லு ஒடஞ்சா, பல்லு சரியில்லம்பாங்க. என் கையில ஒடஞ்சா, கை சரியில்லம்பாங்க. எந்தத் தெருவு, எந்தக் கோட்டாவுல படிச்சதுன்னு ஆரம்பிப்பாங்க. அந்தக் கொழந்தைக்கு வேற எதுனா ஆனாக்கூட என் தலையிலதான் வுழும். ஒரு வருசமாத்தான் ஆளுங்க வராங்க பெரிப்பா.”

என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கதவு திறந்தது. ஆலியா நின்றாள். தடுப்பு பலகைதான், எல்லாம் கேட்டிருக்கிறது.

“டாக்டரு, அப்ப ஒடையாம எடுங்க,” என்றாள்.

அறிவுமதி அவளையே பார்த்தாள்.

“நான் நேத்துலேருந்து இங்க உக்காந்து பாக்கறேன். ஒரு கெழவருக்கு எடுத்தீங்க. ஒரு காலேஜ் பொண்ணுக்கு எடுத்தீங்க. ஒருத்தரும் கத்தல. மத்த ரெண்டு டாக்டரு லெட்டரப் படிக்கவேயில்ல. நீங்க ரெண்டு தடவ படிச்சீங்க. அதனாலதான் இங்க உக்காந்தேன். ஊரு பேசும். என்ன இப்பவே பேசுது, மாமனார எதுத்தவன்னு. பேசட்டும். ரெண்டு பேரும் சேந்து பேச்சு வாங்கலாம்.”

அறிவுமதி சிரிக்கவில்லை. கடிதத்தை மூன்றாவது தடவை எடுத்துப் படித்தாள். பிறகு அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். பெரிய டாக்டரம்மாவிடம் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள், குறித்துக்கொண்டாள், திருப்பிக் கேட்டாள். போனை வைத்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

“திங்கக்கெழம காலையில மொத ஆளா வாங்க. அதுக்கு முன்னாடி ரத்தம் பாத்து எனக்கு நம்பர் வரணும். மாத்திரை எழுதறேன், இன்னிக்கே ஆரம்பிக்கணும். அன்னிக்கி வேற யாரையும் நான் பாக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, வாயத் தெறக்க வைக்கறது உங்க பொறுப்பு. புடிச்சி அமுக்கிகினு நான் எடுக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. வெள்ளணு, தட்டணு இரண்டு எண்களும் நன்றாக இருந்தன. நான்தான் நகல் எடுத்துக் கொண்டுபோனேன். ஆட்டோவில் ஆலியா, நௌமான், இக்ரா. நாங்கள் மாடி ஏறியபோது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பஷீர் பாய் நடந்தே வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்று நாளாக மருமகளோடு பேசவில்லை, அப்போதும் பேசவில்லை. சுவரோரம் நின்றுகொண்டார்.

இக்ராவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முகக்கவசத்தைக் கழற்றியதும் வாய் பூட்டிக்கொண்டது. உதடு வெளுக்க இறுக்கிக்கொண்டது. நௌமான் பொம்மை தருவதாகச் சொன்னான். அறிவுமதி கண்ணாடியைக் காட்டினாள், லைட்டை எரியவிட்டு அணைத்துக் காட்டினாள். நான் ஒரு குரங்குக் கதை சொன்னேன். யார் கதையும் எடுபடவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. அரை மணி ஆயிற்று. நௌமான், “வலிக்கவே வலிக்காதும்மா,” என்றான்.

“பொய் சொல்லாதீங்க,” என்றாள் ஆலியா. “வலிக்கும் இக்ரா. ஊசி குத்தறப்ப வலிக்கும். பத்து எண்ணறதுக்குள்ள மரத்துப்பூடும். அப்புறம் அமுக்கற மாதிரி இருக்கும். எடுக்கலன்னா மருந்து ஏத்த மாட்டாங்க.”

பிள்ளை அவளைப் பார்த்தது. எட்டு மாதத்தில் அதனிடம் வலிக்கும் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பேசியது.

“எல்லாரும் என் வாய மட்டும் பாக்கறீங்க. நன்னா காட்டட்டும் மொதல்ல.”

தாத்தாவை அது நன்னா என்றுதான் கூப்பிடும். பஷீர் பாயின் கை தானாகத் துண்டுக்குப் போனது. “நானா? எனக்கு எதுக்கும்மா?” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

“நீ காட்டு. அப்பதான் நான்.”

அந்த மனிதர் பட்ட அவஸ்தையை நான் பார்த்தேன். வியர்த்து ஊற்றியது. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் மருமகளைப் பார்த்தார். ஆலியா பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து நாற்காலியை ஒட்டிப் போட்டாள்.

“ஒக்காருங்க மாமா,” என்றாள் மெதுவாக.

உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்தார். வாயைத் திறந்தார். அறிவுமதி சின்னக் கண்ணாடியை இக்ராவின் கையில் கொடுத்து விளக்கைத் திருப்பினாள்.

பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. மேலே நான்கு கறுத்த வேர்கள். கீழே முன்பக்கம் இரண்டு பல், அதுவும் பாதிப் பாதி. ஒரு நாளைக்கு இருபது தடவை நாக்கில் துளி வைத்துப் பதம் பார்த்த வாய். அந்த வாயோடுதான் அவர் அத்தனை பேருக்கும் இனிப்புச் செய்து போட்டிருக்கிறார்.

இக்ரா கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தது.

“நன்னா, மீதியெல்லாம் எங்க?”

“போச்சும்மா. ருசி பாத்து ருசி பாத்து.”

“வலிச்சுதா?”

“ரொம்ப.”

“டாக்டருகிட்ட காட்டினியா?”

“இல்ல.”

“ஏன்?”

பஷீர் பாய் மடியிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டார். “பயம்,” என்றார். “வெக்கம். மிட்டாய்க்காரன் வாய் இப்டின்னு தெரிஞ்சா யாரு வாங்குவான்னு.”

“நீ பயந்தாங்கொள்ளி நன்னா,” என்றது இக்ரா. கண்ணாடியை அறிவுமதியிடம் நீட்டியது. நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை தெரிய வாயைத் திறந்தது.

ஊசி போட்டபோது கண்ணில் தண்ணீர் ஓடியது. வாயை மூடவில்லை. ஆலியா எண்ணினாள், பத்துக்குப் பதில் இருபதுவரை எண்ணினாள். அறிவுமதியின் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுத்தினாள், இந்தப் பக்கம் ஒரு அசைப்பு, அந்தப் பக்கம் ஒரு அசைப்பு. தட்டில் டங் என்று விழுந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். ரத்தம் நிற்கிறதா என்று அரை மணி நேரம் ஐந்து பேரும் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஞ்சை எடுத்தாள். நின்றிருந்தது.

அறிவுமதி பல்லை இடுக்கியில் எடுத்து எனக்குக் காட்டினாள். “பாருங்க பெரிப்பா. ரெண்டு வேரும் முழுசா.” சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். அப்புறம் டாக்டர் குரலில் பஷீர் பாயிடம், “நீங்க வர்ற வெள்ளிக்கெழம வாங்க. அந்த வேரெல்லாம் அப்டியே வுடக்கூடாது,” என்றாள். அவர் தலையாட்டினார்.

படி இறங்கும்போது பாய் ஆலியாவுக்கு முன்னால் நின்றார். “பேசினது தப்பும்மா,” என்றார். அவள், “நடங்க மாமா, வெயிலு ஏறுது,” என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் ராணுவ ஆட்சி. பிள்ளைகளுக்கான மெல்லிய பிரஷ், அதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து. சாப்பிட்டதும் கொப்பளிப்பு, தூங்கும் முன் கொப்பளிப்பு. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தோரம் விட்டு, உடனே வாய் கழுவுதல். இக்ரா முகத்தை நூறு கோணலாக்கும், விழுங்கிவிடும். ரோஷன் பீ ஒரு நாள் லட்டுப் பெட்டியோடு வந்தாள். வாசலிலேயே பெட்டி பறிமுதல். அத்தை என்றால்கூட விலக்கு இல்லை.

அடுப்பு செவ்வாய்க்கிழமையே பற்றியது. தட்டு இறங்கியதும் பாய் கத்தியோடு நின்று யோசித்தது சுவருக்கு இந்தப் பக்கமே எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இக்ரா என் கடை வாசலில், கிண்ணத்தில் ஒரு துண்டோடு. பின்னால் பாய்.

“சேகரு மாமா, வாயத் தெற. நீதான் இப்ப சின்னப் புள்ள.”

“எனக்குச் சக்கர வியாதிம்மா.”

“தெற,” என்றது. திறந்தேன். வேறு வழி? மறக்காமல் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் போனது.

மருந்து ஏற வேண்டிய அந்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அவர்களை ஏற்றிவிடப் போனேன். புண் ஆறியிருக்கிறது என்று அறிவுமதி சொல்லிவிட்டாள். ஆனாலும் அங்கே பெரிய டாக்டரம்மா பார்த்துச் சரி என்றால்தான் மருந்து. இல்லையென்றால் இத்தனையும் வீண். ஜன்னல் சீட்டில் இக்ரா. முன் சீட்டு அம்மாள் திரும்பி, மொட்டைத் தலையைப் பார்த்து, “ஐயோ பாவம், பொம்பளப் புள்ளையா?” என்று பையில் சாக்லேட்டைத் தேடினாள்.

“பாவம் இல்லீங்க. அவ ஆஸ்பத்திரிக்கி வேலையாப் போறா,” என்றாள் ஆலியா. “அத உள்ள வச்சிருங்க.”

பஸ் நகர்ந்தது. நான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு ஆதார் நகலைத் தலைகீழாக எடுத்தேன், திட்டு வாங்கினேன். பத்து மணிக்குச் சுவரில் வாசனை வரவில்லை. பாய் பாலை அடுப்பில் வைத்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். பால் பொங்கிக் கரியில் கொட்டிய சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணே, ஏறுது,” என்றாள் ஆலியா.

“இன்னாம்மா ஏறுது?”

“மருந்துண்ணே. மருந்து ஏறுது. மாமா இருக்காரா பக்கத்துல?”

பஷீர் பாய் போன் பக்கம் குனிந்தார். துண்டை எடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டு இக்ராவின் குரல் வந்தது.

“நன்னா! அந்தக் கடிபட்ட டாக்டரு வந்தாரு. கைய முதுகுக்குப் பின்னால வச்சிகினு தூரமாவே நின்னாரு. அவரு கேக்கறதுக்கு முன்னாடியே நான் வாயத் தெறந்துட்டேன்.”